ஆள் அளக்கும் கலை: ட்யூக் மின்நிலையத்தின் பன்னிரண்டு நிமிடங்கள்

1965 ஜூலை 2. அமெரிக்கக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு நடைமுறைக்கு வந்த நாள். நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது, பதவி உயர்வை மறிக்கக் கூடாது என்று முதலாளிகளைச் சட்டம் கட்டத் தொடங்கிய நாள். அதே நாளில் வட கரோலினா மாநிலத்தின் டிரேப்பர் என்ற ஊரில், டான் ஆற்றங்கரையில் இருந்த ட்யூக் பவர் கம்பெனியின் அனல் மின்நிலையத்தில் ஒரு புதிய விதி அமலுக்கு வந்தது. இனிமேல் புதிதாக வருகிறவர்கள் கூலிப் பிரிவைத் தவிர வேறெந்தப் பிரிவில் சேர வேண்டுமானாலும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதாது. இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். ஒன்று வொண்டர்லிக் பணியாளர் தேர்வு. பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்வி. இன்னொன்று பென்னட் இயந்திர அறிவுத் தேர்வு. கப்பி, பல்சக்கரம், நெம்புகோல் படங்களைப் போட்டு எது எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்பது.

இரண்டும் ஒரே தேதியில் வந்தது தற்செயல்னு சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது அந்தத் தேதியின் கதையை மட்டும் அல்ல. ஒரு மனிதனை வேலைக்கு எடுக்கலாமா, எடுத்தவனை வைத்துக்கொள்ளலாமா என்று தாளும் பென்சிலும் கொண்டு முடிவுசெய்யும் ஒரு தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த இடத்தில் அது மாட்டிக்கொண்டது என்ற கதை. 'தகுதி', 'திறமை' என்ற இரண்டு சொற்களை வைத்து நம்மூரில் நூறு வருஷமாக நடந்துவரும் சண்டையை அறிந்தவர்களுக்கு இதில் பல வரிகள் ஏற்கனவே கேட்டவை போலத் தோன்றலாம்.

அந்த மின்நிலையத்தில் அப்போது வேலை பார்த்தவர்கள் 95 பேர். அதில் கறுப்பர்கள் 14 பேர். நிலையத்தில் ஐந்து பிரிவுகள்: கூலிப் பிரிவு, நிலக்கரி கையாளும் பிரிவு, இயக்கப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு, சோதனைக்கூடம். ஏழாம் பிரிவு வருவதற்கு முன்னால் கறுப்பர்கள் அத்தனை பேரும் கூலிப் பிரிவில்தான் இருந்தார்கள். அந்தப் பிரிவின் உச்சச் சம்பளம் மற்ற நான்கு பிரிவுகளில் கடைசிச் சம்பளத்தைவிடக் குறைவு. அதாவது கறுப்பன் எவ்வளவு உயர்ந்தாலும் வெள்ளையன் தொடங்குகிற இடத்துக்குக் கீழேதான் நிற்பான். இதற்கு எந்தத் தேர்வும் தேவைப்படவில்லை. வெளிப்படையாக நிறம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

1955இல் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்திருந்தது. கூலிப் பிரிவு தவிர மற்ற பிரிவுகளில் சேர்வதற்கும், வெளி வேலையான நிலக்கரிப் பிரிவிலிருந்து உள்வேலைகளுக்கு மாறுவதற்கும் உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும். ஆனால் 1955க்கு முன்னால் சேர்ந்துவிட்ட வெள்ளைத் தொழிலாளர்களில் சான்றிதழ் இல்லாதவர்கள் பலர். அவர்களை யாரும் அசைக்கவில்லை. அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். சான்றிதழ் இல்லாமலே கொதிகலனை ஓட்ட முடியும் என்பதற்கு அந்த மின்நிலையமே நடமாடும் நிரூபணமாக இருந்தது. 1965 ஜூலைக்குப் பிறகு, உள்ளே இருக்கும் சான்றிதழ் இல்லாத நிலக்கரிப் பிரிவு ஆட்கள் நச்சரித்ததால், செப்டம்பரில் இன்னொரு சலுகை: சான்றிதழ் இல்லையா, இந்த இரண்டு தேர்வையும் எழுதித் தேறிவிட்டால் உள்வேலைக்கு மாறலாம். கூலிப் பிரிவுக்காரர்களுக்கும் இதே கதவு. கதவு திறந்துதான் இருந்தது, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேறுவதற்கான மதிப்பெண் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் எடுக்கிற இடைநிலை மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே. சான்றிதழ் இல்லாதவனுக்காக வைத்த மாற்று வழி, சான்றிதழ் உள்ளவர்களிலேயே பாதிப் பேரைக் கவிழ்க்கக் கூடிய வழி.

1966 மார்ச்சில் அந்த 14 பேரில் 13 பேர் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில், கூலிப் பிரிவிலிருந்து முதல் கறுப்பர் நிலக்கரிப் பிரிவுக்கு உயர்த்தப்பட்டார். அவர் உயர்நிலைப் பள்ளி முடித்தவர். வேலையில் சேர்ந்தது 1953இல். பதின்மூன்று வருஷம். அவரிடம் சான்றிதழும் இருந்தது, அனுபவமும் இருந்தது. புகார் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது போலும்.

வழக்கின் முதல் பெயர் வில்லி கிரிக்ஸ் என்ற தொழிலாளியுடையது. அதனால் அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இது 'கிரிக்ஸ் எதிர் ட்யூக் பவர்'.

*

இந்த இடத்தில் வழக்கை நிறுத்திவிட்டு வொண்டர்லிக் தேர்வின் பரம்பரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தத் தாள் வானத்திலிருந்து டான் ஆற்றங்கரைக்கு வந்து விழவில்லை.

1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே, தெயோதர் சிமோனுடன் சேர்ந்து ஓர் அளவுகோலை வெளியிட்டார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனிக் கவனம் தருவதற்கான கருவி அது. அறிவு என்பது பிறவியில் நிலைத்துப்போன ஒரு பொருள், அதை எண்ணால் அளந்து நெற்றியில் ஒட்டலாம் என்று பினே நினைக்கவில்லை. அப்படி நினைத்தவர்களைக் கண்டித்தே எழுதினார். அளவுகோல் அட்லாண்டிக்கைக் கடந்ததும் கதை மாறிவிட்டது. ஹென்றி கொடார்ட் அதை மொழிபெயர்த்து, எல்லிஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கும் ஏழைக் குடியேறிகள்மீது பிரயோகித்தார். ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தி வெளியிட்டார். இருவரும் அறிவு பிறப்பிலேயே வருவது என்ற கட்சி. இனமேம்பாட்டுவாதிகள்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் ராணுவத்திடம் போய், உங்கள் சிப்பாய்களை நாங்கள் தரம் பிரித்துத் தருகிறோம் என்றார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா தேர்வு, தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா தேர்வு. ஏறத்தாழ 17 லட்சம் பேரை அளந்துதள்ளினார்கள். ஒவ்வொருவராக உட்கார்த்தி வைத்துக் கேள்வி கேட்ட பினேயின் முறை இங்கே செல்லாது. ஒரே நேரத்தில் கொட்டகை நிறைய ஆட்கள் எழுத வேண்டும், எழுத்தர்கள் வேகமாகத் திருத்த வேண்டும். டெர்மனின் மாணவர் ஆர்தர் ஓட்டிஸ் இதற்கு வழி சொன்னார். சரியான விடையை அடையாளமிடும் கேள்வி முறை அப்போதுதான் பேருருவம் எடுத்தது. நம் பிள்ளைகள் இன்று வட்டத்தைக் கறுப்பாக்கிக் கொண்டிருக்கிறார்களே, அதன் கொட்டகை இதுதான்.

ராணுவம் இந்த மதிப்பெண்களைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பல அதிகாரிகள் எரிச்சலடைந்தார்கள் என்பதே பதிவு. பயன்படுத்தியவர்கள் வேறு ஆட்கள். கார்ல் பிரிகம் 1923இல் அந்தப் புள்ளிவிவரங்களை வைத்து, வடக்கு ஐரோப்பியர்கள் அறிவாளிகள், தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களும் கறுப்பர்களும் மட்டம் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1924இன் குடியேற்றத் தடைச் சட்டத்தைச் சுற்றி நடந்த பேச்சில் இந்த வகை 'விஞ்ஞானம்' தாராளமாகப் புழங்கியது. 1930இல் பிரிகம் தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தானே எழுதினார். சட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

போர் முடிந்ததும் அளக்கிறவர்களுக்கு வேலை வேண்டாமா? தொழிற்சாலைகள் இருந்தன. ராணுவத்தில் ஆள் பிரிக்கும் குழுவை நடத்திய வால்டர் டில் ஸ்காட் 1919இல் தம் சகாக்களுடன் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். 1921இல் ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல் சைக்கலாஜிக்கல் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்; பென்னட் தேர்வைப் பின்னாளில் வெளியிட்டது இந்த நிறுவனம்தான். ஓட்டிஸ் தன் சொந்தத் தேர்வுகளை வெளியிட்டார். அதில் ஒன்றை எடுத்துச் சுருக்கி, கம்பெனிகளின் நேரத்துக்குத் தகுந்தபடி பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடக்கியவர் எல்டன் வொண்டர்லிக், 1930களில். ஆக, பினேயின் வகுப்பறை, யெர்க்ஸின் கொட்டகை, ஓட்டிஸின் தாள், வொண்டர்லிக்கின் கடிகாரம், ட்யூக் பவரின் வாசல். ஒரே ரத்தம்.

மிஷேல் பூக்கோ 1975இல் வெளியான சிறைச்சாலையின் பிறப்பு பற்றிய நூலில் தேர்வு என்ற சடங்கைப் பற்றிப் பேசுகிறார்: மேலிருந்து பார்க்கும் பார்வையும் இயல்பு எது, பிறழ்வு எது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரமும் தேர்வில் ஒன்றுகூடுகின்றன, தேர்வு எழுதுகிறவன் ஒரு கோப்பாக, ஒரு 'கேஸ்' ஆக மாறுகிறான். இதை நம் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் பூக்கோவை மட்டும் வைத்துக்கொண்டு டான் ஆற்றங்கரையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம். அங்கே பதினான்கு பேரும் கோப்பாக மாறுவதற்கு முன்பே கூலிப் பிரிவில் இருந்தார்கள். தேர்வு அவர்களைப் புதிதாக உற்பத்தி செய்யவில்லை. பழைய சுவருக்குப் புதிய பூச்சு பூசியது.

*

ஆளை எடுப்பது ஒரு பாதி என்றால் வைத்துக்கொள்வது மறுபாதி. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஹென்றி ஃபோர்டு. 1913இல் டெட்ராய்ட் ஹைலாண்ட் பார்க் ஆலையில் நகரும் பட்டறை வரிசை வந்தது. தொழிலாளர்கள் தாங்க முடியாமல் ஓடினார்கள். அந்த ஆண்டு ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். சுமார் 14,000 பேரை இருத்தி வைக்க 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று ஃபோர்டு அறிவித்ததன் பின்னால் இந்த ஓட்டம் இருக்கிறது. கருணை அல்ல. ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதிதான் கூலி. மீதி 'லாபப் பங்கு'. அதைப் பெறுவதற்கு நீ ஒழுங்கானவன் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காகவே சமூகவியல் துறை என்று ஒன்றைக் கம்பெனி வைத்திருந்தது. அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்குப் போய்க் குடிக்கிறானா, சேமிக்கிறானா, வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறானா, முறைப்படி கல்யாணம் ஆனவனா, வீடு சுத்தமா என்று குறிப்பெடுத்தார்கள். சிறையிலிருந்த கிராம்ஷி தன் குறிப்பேடுகளில் ஃபோர்டின் இந்த வீட்டு விசாரணைகளைக் கவனித்திருக்கிறார். புதிய உற்பத்தி முறைக்குப் புதிய மனிதன் வேண்டும், அவனைப் படுக்கையறை வரை போய்த் தயாரிக்கிறார்கள் என்பது அவருடைய வாசிப்பு. வீட்டுக்கு ஆள் அனுப்புவது செலவு. 1921 வாக்கில் சமூகவியல் துறை காலாவதியாகிவிட்டது.

ஆனால் கேள்விகள் சாகவில்லை. கேள்விகள் தாளுக்குள் போய்விட்டன. ஆளுமைத் தேர்வு என்ற வகை அதுதான். அதன் மூதாதையும் போரில் பிறந்தது: குண்டு அதிர்ச்சியில் மனம் உடையக் கூடியவர்களைக் கண்டுபிடிக்க ராபர்ட் உட்வொர்த் தயாரித்த ஆம்–இல்லை வினாப்பட்டியல். 1930களில் இது தொழிற்சாலைக்கு வந்தபோது, உடையக் கூடியவனுக்குப் பதிலாக முதலாளிகள் தேடியது தகராறு பண்ணக் கூடியவனை. 1935இன் வாக்னர் சட்டம் தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையைப் பாதுகாத்தது. நீ சங்கத்துக்காரனா என்று நேராகக் கேட்க முடியாது. ஆனால், உனக்கு அடிக்கடி அநியாயம் நடப்பதாகத் தோன்றுகிறதா, மேலதிகாரிகள் உன்னைச் சரியாக நடத்துவதில்லை என்று நினைக்கிறாயா என்ற தினுசில் கேட்டுவிட்டு, 'அனுசரிப்புக் குறைவு' என்று எழுதி வெளியே அனுப்பலாம். 1930களிலும் 40களிலும் கலகக்காரர்களை வடிகட்ட ஆளுமைத் தேர்வுகள் பயன்பட்டதை மைக்கேல் ஜிக்கர் என்ற உளவியலாளரே வரலாறாக எழுதியிருக்கிறார். கலகம் ஒரு கோரிக்கையாக இருந்தது போய் ஒரு மனக்கோளாறாக ஆக்கப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். இந்தப் பெயர்மாற்றத்துக்கு ஆகும் செலவு ஒரு தாள்.

1956இல் வில்லியம் வைட் என்ற பத்திரிகையாளர் நிறுவன மனிதனைப் பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில் ஆளுமைத் தேர்வுகளில் எப்படி ஏமாற்றுவது என்று வழிசொல்லிக் கொடுத்தார். சாரம் இதுதான்: அம்மாவையும் பிடிக்கும் அப்பாவையும் பிடிக்கும், அப்பாவைக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், புத்தகம், இசையில் பெரிய நாட்டமில்லை, எதையும் ரொம்பக் கவலைப்படுவதில்லை என்று எழுதிவிடு. படித்துச் சிரிக்கலாம். ஆனால் அவருடைய வாசகர்கள் கோட்டு போட்ட மேலாளர்கள். கூலிப் பிரிவில் இருப்பவனுக்கு ஏமாற்றுவதற்கான வழிகாட்டி யாரும் எழுதவில்லை.

பொய் கண்டறியும் கருவியைத் தனியார் முதலாளிகள் பயன்படுத்துவதை 1988இல் அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் தடுத்தது. உடனே 'நேர்மைத் தேர்வு' தாள்களுக்குச் சந்தை பெருகியது. கலிஃபோர்னியாவில் டார்கெட் கடைகளில் காவல் வேலைக்கு வந்தவர்களிடம் மத நம்பிக்கை பற்றியும் பாலுறவு நாட்டம் பற்றியும் கேட்ட வினாத்தாளுக்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. கடையில் திருடுகிறவனைப் பிடிப்பதற்கும் மறுமையை நம்புவதற்கும் என்ன சம்பந்தம்னு கேட்ட கேள்வி அங்கே எடுபட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இன்னொன்று. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரப் போலீசில் சேர 1996இல் ஒருவர் வொண்டர்லிக் தேர்வு எழுதினார். ஐம்பதுக்கு 33 எடுத்தார். நகரம் நேர்முகத்துக்கு அழைத்தது 20 முதல் 27 வரை எடுத்தவர்களை மட்டும். அதிக மதிப்பெண் எடுத்தவனுக்குப் போலீஸ் வேலை சீக்கிரம் சலித்துவிடும், செலவழித்துப் பயிற்சி கொடுத்த பிறகு விட்டுப் போய்விடுவான் என்பது காரணம். அவர் வழக்குப் போட்டார், தோற்றார். 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரத்தின் கொள்கையில் தவறில்லை என்றது: எல்லா அறிவாளிகளையும் ஒரே மாதிரிதான் நிராகரிக்கிறார்கள்! டான் ஆற்றங்கரையில் 'ஆட்களின் தரம் உயர' என்று வைத்த அதே தாள், இங்கே தரம் ரொம்பவும் உயர்ந்துவிடாமல் இருக்க. கத்தி ஒன்றுதான். எதை வெட்ட வேண்டும் என்பதைக் கைதான் முடிவுசெய்கிறது.

*

வழக்குக்குத் திரும்புவோம். ஏழாம் பிரிவு தயாரானபோதே இந்தத் தேர்வுகள் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. 1963இல் சிகாகோ பகுதியின் மோட்டரோலா ஆலையில் ஒரு கறுப்பு இளைஞருக்கு வேலை மறுக்கப்பட்டது. இல்லினாய் மாநில ஆணையத்தின் விசாரணையாளர் கம்பெனி பயன்படுத்திய தேர்வையே குற்றம் சொன்னார். முதலாளிகள் அலறினார்கள். டெக்சஸ் செனட்டர் ஜான் டவர் கொண்டுவந்த திருத்தம் சட்டத்தில் ஏறியது: தொழில்முறையாகத் தயாரிக்கப்பட்ட திறன் தேர்வுகளை முதலாளி பயன்படுத்தலாம், பாகுபாடு காட்டும் நோக்கத்தில் வடிவமைத்ததாகவோ பயன்படுத்துவதாகவோ இல்லாத வரை. ட்யூக் பவர் இந்த வரியின் பின்னால்தான் போய் நின்றது. எங்கள் நோக்கம் சுத்தம், தேர்வு கடையில் கிடைக்கும் தேர்வு, எல்லாருக்கும் ஒரே தாள். இன்னொன்றும் சொன்னது: பள்ளிப் படிப்பை முடிக்க விரும்பும் தொழிலாளிக்குக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கம்பெனியே கொடுத்தது. உண்மைதான். கொடுத்தது.

கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் 1970இல் சிலருக்கு மட்டும் நிவாரணம் கிடைத்தது, தேர்வு தப்பித்தது. அங்கே நீதிபதி சைமன் சோபலாஃப் எழுதிய மாறுபட்ட கருத்துதான் உச்ச நீதிமன்றம் போவதற்கு வலு கொடுத்தது. 1971 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுப் பேரும் ஒருமனதாகத் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சன் நியமித்த பழமைவாதி. இது ஏதோ தீவிரவாதிகளின் தீர்ப்பு என்று சொல்ல வழியில்லை.

தீர்ப்பு சொன்னது இரண்டு காரியம். ஒன்று, நோக்கம் போதாது, விளைவைப் பார். இரண்டு, வேலைக்கு வேண்டியதை அளக்கிறாயா, ஆளைப் பொத்தாம்பொதுவாக அளக்கிறாயா? வேலையோடு தேர்வுக்குச் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ட்யூக் பவரால் முடியவில்லை. கம்பெனியின் துணைத் தலைவர் சாட்சியத்தில் சொன்னதெல்லாம், இது பொதுவாக ஆட்களின் தரத்தை உயர்த்தும் என்று கருதினோம் என்பதுதான். எந்த ஆய்வும் நடக்கவில்லை.

விளைவுக்கு இரண்டு எண்கள் போதுமாக இருந்தன. 1960 மக்கள்தொகைக் கணக்குப்படி வட கரோலினாவில் உயர்நிலைப் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பு ஆண்கள் 12 சதவீதம். வொண்டர்லிக்கும் பென்னட்டும் அடங்கிய ஒரு தேர்வுத் தொகுப்பைப் பற்றி வேறொரு விவகாரத்தில் ஆணையம் கண்டது: தேறிய வெள்ளையர் 58 சதவீதம், கறுப்பர் 6 சதவீதம்.

34க்கும் 12க்கும் இடையிலுள்ள பள்ளம் எப்படி வந்தது? அங்கேதான் இந்தத் தீர்ப்பின் வேர் இருக்கிறது. வட கரோலினா 1900இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்தது. வெள்ளையரிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம் இருந்தார்களே, அவர்கள் கதி? அதற்குத்தான் 'தாத்தா விதி': 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவனின் வாரிசு தேர்வு எழுத வேண்டாம். 1867இல் எந்தக் கறுப்பனின் தாத்தாவுக்கு அங்கே வாக்குரிமை இருந்தது? தேர்வு எல்லாருக்கும் பொது, விலக்கு மட்டும் ஒரு சாராருக்கு. 1955இன் ட்யூக் பவர் விதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கனவே உள்ளே இருக்கிறவன் சான்றிதழ் காட்ட வேண்டாம். ஏற்கனவே உள்ளே இருக்கிறவன் யார்? வாக்குச்சாவடியில் 55 வருஷம் முன்னால் பழகிய கையெழுத்து மின்நிலையத்தின் அறிவிப்புப் பலகையில்.

1969இல் அதே மாநிலத்தின் காஸ்டன் மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது: கறுப்புக் குழந்தைகளைத் தரம் குறைந்த தனிப் பள்ளிகளில் அடைத்து வைத்துவிட்டு, பிறகு அவர்களிடம் எழுத்தறிவுத் தேர்வு கேட்பது, பாரபட்சமின்றி நடத்தினாலும்கூட, பழைய அநீதியை நீட்டிப்பதுதான். பர்கர் இந்த வழக்கைத் தன் தீர்ப்பில் எடுத்துக்கொண்டார். வாக்குச்சாவடிக்குப் பொருந்துகிற தர்க்கம் ஆலை வாசலுக்கும் பொருந்தும் என்றாகிவிட்டது. பள்ளியைக் கெடுத்தது கம்பெனி அல்ல, சரி. ஆனால் கெட்டுப்போன பள்ளியின் விளைச்சலைக் கம்பெனி அறுவடை செய்தது.

தேர்வுக்காரர்களுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சிபாரிசும் சொந்தக்காரனும் கைநீட்டலும் ஆளும் இடத்தில் எழுத்துத் தேர்வு ஒரு விடுதலையாகவே இருந்திருக்கிறது. கங்காணி கை காட்டி எடுத்த தோட்டத்தைவிடப் பரீட்சை எழுதிப் போகிற அலுவலகம் மேல் என்று நம் தாத்தா பாட்டிகள் நினைத்ததில் தவறில்லை. ஒரே தாள், பெயர் தெரியாமல் திருத்துவது, இதற்கெல்லாம் மதிப்பு உண்டு. கேள்வி வேறு: தாள் அளப்பது எவ்வளவு? அளக்கிறவர்களின் சொந்தக் கணக்கையே பார்ப்போம். ஷ்மிட்டும் ஹன்ட்டரும் 1998இல் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, பொது அறிவுத்திறன் தேர்வுக்கும் வேலைத் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.51 என்றார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் பணியாளர் தேர்வுத் துறையின் வேதம். 2022இல் பால் சாக்கெட்டும் சகாக்களும் அதே வகை ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டு, முன்னவர்கள் புள்ளியியல் திருத்தங்களை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். எண் 0.31 ஆக இறங்கியது. இதை வர்க்கப்படுத்தினால் பத்தில் ஒரு பங்கு. அதாவது ஆளுக்கு ஆள் வேலையில் தெரியும் வித்தியாசத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்தத் தாளுக்குப் பிடிபடாதது. வேலையைப் பற்றியே, எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்முகம் அதைவிட மேல், 0.42. பர்கர் 1971இல் கேட்ட வேலையோடுள்ள சம்பந்தத்துக்கு உளவியலாளர்களின் கணக்கே ஐம்பது வருஷம் கழித்துக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு அதைக் கரைக்கும் வேலை தொடங்கியது. 1976இல் வாஷிங்டன் போலீஸ் தேர்வு வழக்கில், அரசியல் சட்டத்தின் கீழ் போவதானால் விளைவு போதாது, நோக்கத்தையும் காட்ட வேண்டும் என்றது அதே நீதிமன்றம். 1989இல் அலாஸ்கா மீன் பதனிடும் ஆலை வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பைத் தொழிலாளி தலையில் திருப்பி வைத்தது. 1991இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு அதைச் சரிசெய்து, கிரிக்ஸ் கொள்கையை எழுத்துச் சட்டமாகவே ஆக்கியது. 2025 ஏப்ரல் 23 அன்று டிரம்ப், மத்திய அரசின் துறைகள் இந்த 'விளைவு' வழக்குகளைக் கைவிடும்படி ஆணையிட்டார். ஆணையின் தலைப்பில் 'தகுதியாட்சி' என்ற சொல் இருக்கிறது. சட்டத்தில் உள்ள பிரிவை ஆணையால் அழிக்க முடியாது. தொழிலாளி தானே வழக்குப் போடலாம். ஆனால் அரசு பின்னால் நிற்காது.

*

இந்தியாவுக்கும் இந்தப் பரம்பரைக்கும் உறவு புதிதல்ல. பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களைச் சோதனைக் கருவிமுன் உட்கார்த்தி, யார் விபத்து செய்வான் என்று கணிக்கப் பார்த்த ஹார்வர்ட் பேராசிரியர் ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர் நரேந்திரநாத் சென்குப்தா. இவர்தான் 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சோதனை உளவியல் துறைக்குத் தலைவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க உருவாக்கிய வாரிய முறை 1943இல் இங்கே வந்தது. படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லும் அந்தச் சோதனைகளை நம் ராணுவத் தேர்வு வாரியங்கள் விடவில்லை.

தனியார் துறையில் கதை இன்னும் பூடகம். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 பெரிய நிறுவனங்களின் பணியமர்த்தும் மேலாளர்களைப் பேட்டி கண்டு 2007இல் எழுதினார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: நாங்கள் தகுதி மட்டும்தான் பார்க்கிறோம். அதே மூச்சில், நேர்முகத்தில் தவறாமல் 'குடும்பப் பின்னணி' கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், அண்ணன் தம்பி என்ன படித்திருக்கிறார்கள், எந்த ஊர். ஃபோர்டின் ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்ததை இவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். நம்மில் நேர்முகத்துக்குப் போய் வந்த எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி புதிது?

2021 மார்ச் 25 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆண் அதிகாரிகள் பணியின் ஐந்தாம் வருஷமோ பத்தாம் வருஷமோ நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்பட்டபோது காட்டிய உடல்தகுதியை, அந்த வாய்ப்பே அப்போது மறுக்கப்பட்டிருந்த பெண்கள் நாற்பது, ஐம்பது வயதில் காட்ட வேண்டும் என்று ராணுவம் விதித்திருந்தது. அளவுகோல் ஒன்றுதான், ஆண் பெண் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவர்களுடைய பழைய ரகசிய அறிக்கைகளையோ, எப்படியும் நிரந்தரமாகப் போவதில்லை என்ற எண்ணத்தில் மேலதிகாரிகள் அசட்டையாக எழுதி வைத்திருந்தார்கள். இப்போது அதுவே மதிப்பெண். இது மறைமுகப் பாகுபாடு என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். நோக்கம் இருந்ததா என்பது கேள்வி அல்ல, விளைவு என்ன என்பதே கேள்வி என்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளில் முதலில் நிற்பது கிரிக்ஸ்.

டிரேப்பர் என்ற ஊர் இன்று அந்தப் பெயரில் இல்லை. 1967இலேயே பக்கத்து ஊர்களோடு சேர்த்து ஈடன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிலக்கரியை எரித்த மின்நிலையம் 2012இல் மூடப்பட்டது. 2014 பிப்ரவரி 2 அன்று அதன் சாம்பல் குட்டைக்கு அடியில் போன குழாய் உடைந்து 39,000 டன் வரை நிலக்கரிச் சாம்பல் டான் ஆற்றில் இறங்கியது. உலகச் செய்தித்தாள்களில் அந்த இடத்தின் பெயர் அடிபட்டது அப்போதுதான். செய்திகளில் பெரும்பாலும் கூலிப் பிரிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.